கடலடித் துளையின் பதிவு குழப்பினால்: அறிகுறி வாரியாகப் பிழை தேடும் வழி

பாளையங்கோட்டையில் நிலவியல் சொல்லிக்கொடுக்கிறேன். வகுப்பில் நாங்கள் படிக்கும் அழுத்தப் பதிவுகளில் பாதி, ஜப்பானுக்குத் தெற்கே நன்காய் அகழியில் கடல்தரையைத் துளைத்து வைத்திருக்கும் கருவிகளிலிருந்து வருபவை. மீதிப் பாதி, திசையன்விளைக்குப் பக்கத்தில் தேரி மண் ஓரமாக ஒரு முருங்கைத் தோட்டத்துப் போர்வெல்லில் நாங்கள் இறக்கி வைத்திருக்கும் சின்ன அழுத்தமானி தருபவை. முதலாவது இரண்டு கிலோமீட்டர் கடலுக்கு அடியில் இருக்கிறது. இரண்டாவதை பஸ் ஏறிப் போய்ப் பார்த்துவிட்டுச் சாயங்காலம் வீடு திரும்பலாம். ஆனால் பதிவு கோணலாகத் தெரியும்போது எழும் கேள்வி இரண்டுக்கும் ஒன்றுதான்: பூமி ஏதாவது செய்ததா, கருவி ஏதாவது செய்ததா?

மாணவர்கள் இதில் அவசரப்படுகிறார்கள். வரி கொஞ்சம் நெளிந்தால் போதும், "பிளவு வழுக்கிவிட்டது" என்று எழுதிவிடுகிறார்கள். அதனால்தான் இதை அறிகுறி வாரியாக எழுதுகிறேன். உங்கள் பதிவில் என்ன தெரிகிறதோ அந்தத் தலைப்புக்கு நேரே போகலாம். முதல் அறிகுறியை மட்டும் எல்லோரும் படித்துவிட்டுப் போவது நல்லது.

நெல்லைச் சீமையில் உட்கார்ந்துகொண்டு நன்காயைப் பற்றி ஏன் கவலைப்பட வேண்டும் என்று ஒரு பையன் கேட்டான். நியாயமான கேள்வி. ஒரு தட்டு இன்னொரு தட்டின் அடியில் நுழையும் இடத்தை அமிழ்வு மண்டலம் என்கிறோம். நன்காயில் பிலிப்பைன் கடல் தட்டு ஜப்பானுக்கு அடியில் போகிறது. சுமத்ரா, அந்தமான் பக்கம் அதே போலக் கீழே நுழைந்துகொண்டிருப்பது நம் காலடியில் கிடக்கும் தட்டின் கிழக்கு ஓரம்தான். 2004 டிசம்பர் 26 அன்று அந்த ஓரத்தில் நடந்த வழுக்கல் கிளப்பிய அலை நம் கரைக்கும் வந்தது. பெரிய நடுக்கங்களுக்கு நடுவே அந்தப் பிளவு என்ன செய்துகொண்டிருக்கிறது என்பதை அறிய, பிளவுக்குள்ளே இருக்கும் தண்ணீரைக் கேட்க வேண்டும். தண்ணீரைக் கேட்கத்தான் துளை.

துளையின் அமைப்பு தெரிந்தால் பிழை தேடுவது எளிது. துளையைப் போட்டு, சுவர் சரியாமல் தாங்கும் கேசிங் குழாயை இறக்கி, மேலே வாயை அடைத்துவிடுவார்கள். தேவையான ஆழத்தில் பேக்கர் வைத்து, ரப்பர் மாதிரி உப்பும் அந்த அடைப்பால், ஒரு பகுதியைத் தனியாகப் பிரிப்பார்கள். அந்தப் பகுதியிலிருந்து மெல்லிய எஃகுக் குழாய் மேலே வந்து அழுத்தமானியில் சேரும். பக்கத்திலேயே இன்னொரு அழுத்தமானி கடல் தண்ணீரின் அழுத்தத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருக்கும். இந்த அடைப்பு ஏற்பாட்டுக்குக் 'கார்க்' என்று பேர். முதன்முதலில் 1991-இல் வட அமெரிக்காவின் மேற்குக் கரைக்கு அப்பால், ஹுவான் டி ஃபூக்கா முகட்டில் பொருத்தினார்கள். அப்புறம் கஸ்கேடியா, பார்படோஸ், கோஸ்டாரிகா, நன்காய், நியூசிலாந்துக்குப் பக்கத்து ஹிக்குராங்கி என்று அமிழ்வு மண்டலங்களுக்கும் வந்தன. நன்காயில் சி0002, சி0010, சி0006 ஆகிய மூன்று துளைகள் கடலடிக் கேபிளில் இணைந்து நொடிக்கு நொடி கரைக்குத் தகவல் அனுப்புகின்றன.

பிழை தேட உட்காரும்போது கையில் நான்கு வேண்டும்: துளை அழுத்தம், கடல்தரை அழுத்தம், கருவியின் வெப்பநிலை, அந்த இடத்துக்கு யார் எப்போது போய் எதைத் தொட்டார்கள் என்ற குறிப்பேடு. துளை அழுத்தத்தை மட்டும் வைத்துக்கொண்டு எந்த முடிவுக்கும் வரக் கூடாது.

அறிகுறி: துளை அழுத்தமும் கடல் அழுத்தமும் ஒட்டிக்கொண்டே போகின்றன

இதுதான் அடிக்கடி வருவது. ஆளை ஏமாற்றுவதிலும் இதுதான் முதல்.

எங்கள் போர்வெல்லில் கருவி இறக்கிய அன்று மோட்டார் மெக்கானிக் அண்ணாச்சி ஒருவர் கூட இருந்தார். கேசிங் வாயில் ஒரு தகரத்தை வைத்துக் கல்லைத் தூக்கி வைத்தேன். அவர் பார்த்துவிட்டு, "சார், வாய அடைக்காம உள்ள இருக்கத என்னன்னு சொல்லுவீய? காத்து போகும், மழை போகும், அது சொல்லுதது எல்லாம் வெளிய உள்ள சங்கதில்லா?" என்றார். கடலடித் துளை விஷயத்திலும் இதைவிடச் சுருக்கமாக யாரும் சொல்லிவிட முடியாது. அடைப்பு சரியில்லாத துளை கடலின் கதையைத்தான் சொல்லும், பாறையின் கதையைச் சொல்லாது.

அடைப்பு கசிந்தால் என்ன தெரியும்? கடலில் ஓதம் (கடல்மட்டத்தின் அன்றாட ஏற்ற இறக்கம்) ஒரு மீட்டர் ஏறினால் கடல்தரையில் அழுத்தம் சுமார் 10 கிலோபாஸ்கல் கூடும். அந்தச் சுமையைப் பாறையின் எலும்புக்கூடும், அதன் துவாரங்களில் இருக்கும் தண்ணீரும் பங்கு போட்டுக்கொள்கின்றன. கெட்டியான பாறையில் எலும்புக்கூடு பெரும் பங்கைத் தாங்கிவிடும், தண்ணீருக்குச் சின்னப் பங்குதான் வரும். அப்போது துளையில் தெரியும் ஓதம் கடல் ஓதத்தை விடக் குட்டையாக இருக்கும். துளை ஓதத்தைக் கடல் ஓதத்தால் வகுத்தால் வருவதை ஓத விகிதம் என்று வைத்துக்கொள்வோம். பாறை மாறாத வரை அதுவும் மாறாது. கெட்டிப் பாறைத் துளையில் விகிதம் திடீரென்று 1 ஆகிவிட்டால் சந்தேகமே வேண்டாம், கசிவுதான்.

சிக்கல் எங்கே வருகிறது என்றால், அமிழ்வு மண்டலத்தில் துளை போடும் இடமெல்லாம் பெரும்பாலும் மெத்தென்ற வண்டல். ஈரக் களிமண்ணில் எலும்புக்கூடு ஒன்றையும் தாங்காது. சுமை ஏறக்குறைய முழுவதும் தண்ணீருக்கே வரும். அடைப்பு நன்றாக இருந்தாலும் விகிதம் 1-க்குப் பக்கத்தில்தான் நிற்கும். அதனால் விகிதம் 1-ஐ நெருங்குகிறது என்பதை மட்டும் வைத்து வண்டல் துளையில் "கசிகிறது" என்று சொல்ல முடியாது. "கசியவில்லை" என்றும் சொல்ல முடியாது.

அப்போது மூன்று சோதனைகள் செய்து பார்க்கிறேன். முதலாவது, ஓதத்தை நீக்கிவிட்டு மிச்சம் என்ன என்று பார்ப்பது. பாறைக்குள் அழுத்தம் கடல் அழுத்தத்தை விட அதிகமாகவோ குறைவாகவோ ஒரு நிலையான வித்தியாசத்தில் நின்றால் அடைப்பு வேலை செய்கிறது. வித்தியாசம் வாரக்கணக்கில் சுழியைச் சுற்றியே வட்டமிட்டால் சந்தேகம் வலுக்கிறது.

இரண்டாவது சோதனைதான் எனக்கு மிகவும் பிடித்தது. சின்னக் கசிவு வேகமான மாற்றங்களை விட்டுவிடும், மெதுவான மாற்றங்களைத் தின்றுவிடும். அரைநாள் ஓதம் ஒழுங்காகத் தெரியும், ஆனால் ஒரு வாரம் நீடிக்க வேண்டிய அழுத்த உயர்வு இரண்டு நாளில் கரைந்துவிடும். ஆகவே பதிவில் உள்ள திடீர் உயர்வு தாழ்வுகளை எல்லாம் வெட்டி எடுத்து ஒன்றன் மேல் ஒன்றாக வைத்துப் பாருங்கள். பெரியதோ சிறியதோ, எல்லாம் ஒரே கால அளவில் பாதியாகி, மறுபடி பாதியாகி, சுழிக்குத் திரும்பினால் அது ஓட்டையின் கையெழுத்து. பாறைக்குள் அழுத்தம் பரவிக் குறைவது வேறு மாதிரி இருக்கும். முதலில் வேகமாகக் குறையும், பிறகு நீண்ட வாலாக இழுத்துக்கொண்டே போகும்.

மூன்றாவது, வெப்பம். கசிவு என்றால் தண்ணீர் ஓடுகிறது. ஓடும் தண்ணீர் வெப்பத்தைக் கூட்டிக்கொண்டு போகும். கீழிருந்து மேலே கசிந்தால் துளை வாய்க்குப் பக்கத்தில் வெப்பம் ஏறும். கடல் தண்ணீர் கீழே இறங்கினால் துளை முழுக்க நெடுந்தூரத்துக்குக் கடல்தரையின் குளிரே இருக்கும்.

கடல் தண்ணீர் துளைக்குள் இறங்குமா என்று கேட்பவர்களுக்கு நம் ஆயன்குளம் கிணற்றைத்தான் காட்டுவேன். 2021 கடைசியில் பெய்த மழையில், குளத்து உபரித் தண்ணீரை அந்தக் கிணற்றுக்குள் திருப்பிவிட்டார்கள். நாள்கணக்கில் விழுங்கிக்கொண்டே இருந்தது, நிரம்பவில்லை. கூட்டம் கூட்டமாக ஜனங்கள் பார்க்க வந்தார்கள். சென்னை ஐ.ஐ.டி. ஆய்வாளர்கள் வந்து பார்த்து, அடியில் இருக்கும் சுண்ணாம்புப் பாறையில் தண்ணீர் அரித்த குகைப் பாதைகள்தான் காரணம் என்றார்கள். அட்லாண்டிக்கில் 395ஏ என்ற துளை, 1970-களின் நடுவில் போட்டதிலிருந்து 1997-இல் அடைக்கும் வரை இப்படித்தான் கடல் தண்ணீரைக் குடித்துக்கொண்டிருந்தது. அங்கே சுண்ணாம்பு இல்லை. எரிமலைப் பாறையின் வெடிப்புகளில் அழுத்தம் கடலை விடச் சற்றுக் குறைவு, அவ்வளவுதான். கோஸ்டாரிகா அகழிக்குக் கடல் பக்கம் இருக்கும் 1253-ஆம் துளையிலும் அடிப்பாறையின் அழுத்தம் கடலை விடக் கொஞ்சம் குறைவாகவே இருந்தது. ஆக, எதிர்க்குறி அழுத்தம் என்றவுடன் கருவியைக் குறை சொல்ல வேண்டாம். கீழே நுழையப் போகும் தட்டு தண்ணீரை உள்ளே இழுத்துக்கொள்வது நடக்கக்கூடியதே.

அறிகுறி: பதித்த நாளிலிருந்து வரி நிற்காமல் ஏறுகிறது, அல்லது இறங்குகிறது

பயப்பட வேண்டியதில்லை. துளை போடும்போது குளிர்ந்த கடல் தண்ணீரையும் கனமான சேற்றுக் கலவையையும் உள்ளே அடித்திருக்கிறார்கள். சுற்றியுள்ள பாறை அந்தக் காயத்திலிருந்து மீள நாளாகும். வெப்பமும் அப்படித்தான் மெதுவாகத் தன் நிலைக்குத் திரும்பும். நாட்களைக் கிடை அச்சில் போடாமல், பதித்த பிறகு கழிந்த காலத்தின் தலைகீழியை (ஒன்றைக் காலத்தால் வகுத்தால் வருவதை) போட்டு வரைந்து பாருங்கள். வரி நேராகிவிட்டால் அது மீட்சி. அந்தக் கோட்டை நீட்டிப் பிடித்தால் பாறையின் உண்மையான அளவும் கிடைத்துவிடும்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது, கவனியுங்கள். அழுத்தமானி துளை வாயில் இருக்கிறது, பாறையோ பல நூறு மீட்டர் கீழே. நடுவில் இருக்கும் குழாய்த் தண்ணீரின் எடையும் கணக்கில் சேர்கிறது. 900 மீட்டர் குழாயில் இருக்கும் தண்ணீர், நாம் நினைத்ததை விடக் கன மீட்டருக்கு ஒரே ஒரு கிலோ இலேசாக இருந்தால் போதும், ஏறத்தாழ 9 கிலோபாஸ்கல் பொய்யான மிகை அழுத்தம் தெரியும். குழாய் சூடாகச் சூடாகத் தண்ணீர் இலேசாகும். அதனால் மீட்சிக் காலத்தில் தெரியும் அழுத்த உயர்வில் ஒரு பங்கு வெப்ப மீட்சியால் வந்ததாக இருக்கலாம். இரண்டையும் ஒன்றாக வரைந்து பார்க்காமல் பாறையின் அழுத்தம் இவ்வளவு என்று எழுதக் கூடாது.

அறிகுறி: நாளுக்கு இரண்டு மேடு தெரிகிறது

ஓதம் என்று உடனே எழுதிவிட வேண்டாம். எங்கள் போர்வெல்லில் முதல் வாரமே இரண்டு மேடு அழகாகத் தெரிந்தது. கடல் பக்கத்தில்தானே இருக்கிறது, ஓதம் நிலத்தடித் தண்ணீரை அசைக்கிறது என்று ஒரு மாணவி ஆசையாக எழுதி வந்தாள். மேடுகளின் நேரத்தைக் குறித்துப் பார்க்கச் சொன்னேன். தினமும் காலை பத்து மணிக்கும் இரவு பத்து மணிக்கும் பக்கத்தில் வந்தன. மாறவே இல்லை.

உவரி மீன்காரர்களிடம் கேட்டால் சொல்வார்கள்: கடல் ஏற்றம் நேற்று வந்த நேரத்துக்கு இன்று வராது, முக்கால் மணி, ஒரு மணி நேரம் தள்ளித்தான் வரும். நிலவை ஒட்டிய ஓதத்தின் சுற்று 12.42 மணி நேரம். தினமும் சுமார் 50 நிமிடம் பின்னுக்குப் போகும். பத்து மணிக்குப் பத்து மணி வருவது காற்று. நம்மைப் போன்ற வெப்பமண்டல ஊர்களில் காற்றழுத்தம் நாளுக்கு இரண்டு முறை ஏறி இறங்குகிறது. தண்ணீர் உயரத்தில் சொன்னால் இரண்டு மூன்று சென்டிமீட்டர்தான், ஆனால் நல்ல கருவிக்கு அது மலை மாதிரி.

கடலடிப் பதிவிலும் இதே சோதனை உதவும். ஒரு மாதப் பதிவை எடுத்து மேடுகள் நகர்கின்றனவா என்று பாருங்கள். நகர்ந்தால் நிலவு. நகராமல் சூரியனோடு நின்றால், ஒன்று சூரிய ஓதம், இல்லையென்றால் தினமும் ஒரே நேரத்தில் நடக்கும் ஏதோ ஒரு மின்சார வேலை.

துளையின் மேடு கடலின் மேட்டுக்குப் பின்னால் தங்கி வந்தால் குழாயில் வாயுக் குமிழி இருக்கிறதா என்று யோசியுங்கள். வாயு அமுங்கக்கூடியது. குழாயில் அது சேர்ந்தால், முதலில் அதை அமுக்கத் தண்ணீர் போய்ச் சேர்ந்தாக வேண்டும், அழுத்தம் அப்புறம்தான் வந்து சேரும். மீத்தேன் நிறைந்த வண்டலில் இதை எதிர்பார்த்தே இருக்க வேண்டும்.

அறிகுறி: ஒரே நொடியில் படிக்கட்டு மாதிரி ஏறியது, அல்லது இறங்கியது

முதலில் குறிப்பேடு. அன்று தொலைவிலிருந்து இயக்கும் நீர்மூழ்கி ரோபோ அங்கே போனதா? வால்வைத் திருப்பினார்களா? பேட்டரி மாற்றினார்களா? கேபிளில் மின்சாரம் போய் வந்ததா?

எங்கள் தோட்டத்தில் நாளுக்கு ஒருமுறை அழுத்தம் சட்டென்று விழும், சில மணி நேரத்தில் மெல்ல ஏறும். மும்முனை மின்சாரம் வரும் நேரத்தோடு ஒப்பிட்டோம். பக்கத்துத் தோட்டத்து மோட்டார். மனிதர் கடிகாரத்துக்கு ஒத்துவரும் படிக்கட்டு மனிதர் கட்டியது.

அடுத்து, கடல்தரை மானியிலும் அதே நொடியில் அதே அளவு படிக்கட்டு இருக்கிறதா? இரண்டிலும் ஒன்றாக இருந்தால் பொதுவான மின்னணுப் பகுதியைப் பாருங்கள், அல்லது துளைத்தலைப்பு முழுவதுமே சேற்றில் கொஞ்சம் அமர்ந்திருக்கலாம். ஒரு சென்டிமீட்டர் அமர்ந்தால் 0.1 கிலோபாஸ்கல்.

துளையில் மட்டும் இருக்கிறது, அந்த நேரத்தில் நடுக்க அலைகளும் பதிவாகியிருக்கின்றன என்றால் இப்போதுதான் பூமியின் முறை. பாறை நெருக்கப்பட்டால் துவாரத் தண்ணீரின் அழுத்தம் ஏறும், இழுக்கப்பட்டால் இறங்கும். 2016 ஏப்ரல் 1 அன்று ஜப்பானின் மியே கரைக்கு அப்பால் சுமார் 6 அளவில் ஒரு நடுக்கம் வந்தது. 1944-ஆம் ஆண்டுப் பெரு நடுக்கத்துக்குப் பிறகு அமைதியாகக் கிடந்த பகுதி அது. நன்காய்த் துளைகள் பக்கத்திலேயே இருந்தன. நடுக்கத்தோடு வந்த மாற்றமும், அதைத் தொடர்ந்து வந்த மெதுவான மாற்றமும் பதிவில் தனித்தனியாகவே தெரிந்தன. இரண்டையும் சேர்த்து ஒரே கோடாக வழவழப்பாக்கிவிட்டால் அந்தத் தகவல் போய்விடும். அதனால் படிக்கட்டு இருக்கும் நாளின் பதிவைச் சராசரி எடுக்காதீர்கள்.

அறிகுறி: சில நாட்களாக, சில வாரங்களாக மெல்லச் சரிகிறது

இதற்காகத்தான் இத்தனை பாடும். அமிழ்வு மண்டலத்துத் தட்டுகள் இறுகிப் பிடித்து, ஒரு நாள் திடீரென்று விடுபடுவது ஒன்று. யாருக்கும் தெரியாமல், நடுக்கம் எதுவும் இல்லாமல், நாள்கணக்கில் நழுவுவது இன்னொன்று. இந்த இரண்டாவது வகையை மெது வழுக்கல் என்கிறார்கள். கரையிலிருக்கும் ஜி.பி.எஸ். கருவிகளுக்கு, அகழிக்குப் பக்கத்தில் கடலுக்குள் நடக்கும் வழுக்கல் எட்டுவதில்லை. துளைதான் பார்த்தது. 2011 முதல் 2016 வரை சி0002, சி0010 துளைகளின் அழுத்தத்தை ஆராய்ந்தவர்கள் எட்டு முதல் பதினைந்து மாதங்களுக்கு ஒருமுறை இப்படி நழுவுவதைக் கண்டார்கள். ஒவ்வொரு முறையும் சில நாள் முதல் சில வாரம் வரை. தட்டுகள் நெருங்கும் தூரத்தில் 30 முதல் 55 சதவீதம் இப்படிச் சத்தமில்லாமல் செலவாகிறது என்று 2017-இல் எழுதினார்கள். அகழிப் பக்கத்தில் எவ்வளவு இறுக்கம் சேர்கிறது, எவ்வளவு வடிந்துபோகிறது என்ற கணக்கே இதனால் மாறுகிறது. கரையில் குடியிருக்கும் லட்சக்கணக்கானவர்களுக்கு இது சாதாரண விஷயம் இல்லை.

ஆனால் இந்தச் சரிவுகள் ஓதத்தின் ஏற்ற இறக்கத்தை விடச் சிறியவை. எனவே ஒவ்வொன்றாகக் கழிக்க வேண்டும்.

முதலில் கடல். நன்காய்க்கு மேலே குரோஷியோ என்ற பெரிய நீரோட்டம் ஓடுகிறது. அது வளைந்து திசை மாறினாலே கடல்தரை அழுத்தம் வாரக்கணக்கில் மாறும். கடல்தரை மானியின் அளவை ஓத விகிதத்தால் பெருக்கித் துளை அளவிலிருந்து கழியுங்கள். சரிவு காணாமல் போனால் அது கடல். கழித்த பிறகும் அரைநாள் அலை மிச்சம் இருந்தால் நீங்கள் எடுத்த விகிதம் தவறு, திருத்திவிட்டு மறுபடி கழியுங்கள். விகிதத்தைச் சரியாகக் கணக்கிட ஒரு மாதப் பதிவாவது வேண்டும்.

அடுத்து, பக்கத்துத் துளை. சி0002-க்கும் சி0010-க்கும் இடையே சுமார் 11 கிலோமீட்டர். ஒரு துளையில் மட்டும் சரிவு தெரிந்து இன்னொன்று அசையாமல் இருந்தால், வழுக்கல் மிகச் சின்னதாகவும் அந்தத் துளைக்கு மிக அருகிலும் இருந்தாக வேண்டும். அல்லது அடைப்பில் கோளாறு. இரண்டிலும் தெரிந்தால், எந்த இடத்தில் எவ்வளவு நழுவினால் இரண்டு அளவும் ஒன்றாக வரும் என்று கணக்குப் போடலாம். ஒரே ஒரு துளையை வைத்து வழுக்கலின் இடத்தையும் அளவையும் சொல்பவர்களை நான் நம்புவதில்லை. ஒரு சமன்பாட்டில் இரண்டு தெரியாத எண்கள்.

மூன்றாவது, சரிவின் வடிவம். தொடங்கும் இடமும் முடியும் இடமும் ஓரளவு கூர்மையாகத் தெரிய வேண்டும். தொடக்கமே தெரியாத, முடிவும் தெரியாத சரிவை இப்போதைக்குப் பதிவில் குறித்துவைத்துவிட்டு அடுத்த ஆண்டு பாருங்கள்.

கோஸ்டாரிகாவில் 1255-ஆம் துளை, அகழி ஓரத்தில் தட்டு எல்லையையே தொட்டு நிற்கிறது. 2003-இல் அங்கே அழுத்தம் இரண்டு முறை மாறியபோது, கரையில் நிக்கோயா தீபகற்பத்து ஜி.பி.எஸ். பதிவையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். வேறு ஒருவர், வேறு ஒரு கருவியால், வேறு ஒரு காரணத்துக்காக எடுத்த பதிவு நம் சரிவோடு பொருந்தும்போது கிடைக்கும் உறுதி, நம் கோப்பை நூறு முறை வடிகட்டினாலும் கிடைக்காது.

அறிகுறி: வெப்பம் மாறுகிறது, அழுத்தம் சும்மா இருக்கிறது

பாறையில் நல்ல வழி இருந்தால் பெரிய அழுத்த வித்தியாசம் இல்லாமலே தண்ணீர் ஓடும். அகலமான வாய்க்காலில் சரிவு தெரியாமல் தண்ணீர் போகிற மாதிரி. அப்போது ஓட்டத்தைக் காட்டிக்கொடுப்பது வெப்பம்தான்.

2011 மார்ச் 11 தோஹோக்கு நடுக்கத்துக்குப் பிறகு, மறு ஆண்டே 'சிக்யூ' கப்பலில் போய், ஏறத்தாழ 6,900 மீட்டர் ஆழக் கடலில் துளையிட்டு, 55 வெப்பமானிகளை ஒரே கயிற்றில் கோத்து இறக்கினார்கள். 2013 ஏப்ரலில் மேலே எடுத்தார்கள். கடல்தரைக்குக் கீழே சுமார் 820 மீட்டரில், வழுக்கிய பிளவைச் சுற்றி, இருக்க வேண்டியதை விட 0.31 டிகிரி அதிகம். உராய்ந்ததன் மிச்சச் சூடு. நடுவில் 2012 டிசம்பர் 7 அன்று 7.3 அளவில் இன்னொரு நடுக்கம் வந்தது. அதை அடுத்து, பாறை நொறுங்கிக் கிடந்த பகுதிகளில் வெப்பம் துள்ளியது. தண்ணீர் நகர்ந்ததன் அடையாளம் அது.

உங்கள் பதிவில் இப்படித் துள்ளல் தெரிந்தால் அடுத்தடுத்த வெப்பமானிகளை ஒப்பிடுங்கள். தண்ணீர் நகர்ந்தால் ஒன்றில் முதலிலும் அடுத்ததில் சற்றுப் பின்னாலும் தெரியும், அளவும் மாறும். எல்லாவற்றிலும் ஒரே கணத்தில் ஒரே அளவு தெரிந்தால் மின்னழுத்தத்தைச் சோதியுங்கள். ஒரே ஒரு வெப்பமானியில் மட்டும் தெரிந்தால் அந்த இடத்துப் பாறை மாதிரியைப் புரட்டிப் பாருங்கள். அங்கே வெடிப்பு இருந்தால் நம்பலாம்.

அறிகுறி: சுருள் குழாயில் சேகரித்த தண்ணீர் மாதிரியில் தேதி பொருந்தவில்லை

சவ்வூடு பரவலால் இயங்கும் மாதிரி எடுப்பான் மிக அழகான கருவி. மின்சாரம் வேண்டாம். ஒரு பக்கம் நிறைவுற்ற உப்புக் கரைசல், மறுபக்கம் நல்ல தண்ணீர், நடுவில் சவ்வு. உப்பு தண்ணீரை இழுக்க, அந்த இழுப்பில் துளைத் தண்ணீர் ஒரு மில்லிமீட்டர் அகலமுள்ள நீண்ட சுருள் குழாய்க்குள் நூல் நூலாக ஏறும். பல ஆண்டு கழித்து எடுத்து, குழாயைத் துண்டு துண்டாக வெட்டினால் ஒவ்வொரு துண்டும் ஒரு தேதி. இதோடு அடையாளக் கரைசலை மெல்லச் சொட்டவிட்டு, அது எவ்வளவு நீர்த்துப்போகிறது என்று பார்த்து ஓட்டத்தின் வேகத்தையும் கணக்கிடலாம்.

தேதி தவறுவதற்கு முதல் காரணம் வெப்பம். சவ்வு இழுக்கும் வேகம் வெப்பத்தோடு கூடும். ஒரே வேகம் என்று வைத்துப் பிரித்தால், மீட்சிக் காலத்து மாதங்கள் எல்லாம் இடம் மாறிவிடும். கருவியின் வெப்பப் பதிவை வைத்து வேகத்தைத் திருத்துங்கள். இரண்டாவது, குமிழி. மேலே எடுக்கும்போது அழுத்தம் குறைய, கரைந்திருந்த வாயு வெளிவந்து திரவத்தைத் தள்ளிவிடும். செப்புக் குழாய் வைத்து இரண்டு பக்கமும் நசுக்கி மூடுவது அதற்காகத்தான். பதிக்கும்போது குழாயில் எந்தத் தண்ணீரை நிரப்பினீர்கள் என்பதைக் குறித்துவைத்திருந்தால் அந்த எல்லையே ஒரு தேதிக் குறி.

அறிகுறி: ஆண்டுக்கணக்கில் ஒரே திசையில் நகர்வு

மீட்சி முடிந்த பிறகும் நகர்ந்தால் மானியே நகர்கிறதா என்று பார்க்க வேண்டும். குவார்ட்ஸ் மானி எவ்வளவு நல்லதாக இருந்தாலும் ஆண்டுக்குச் சில சென்டிமீட்டர் தண்ணீர் அளவுக்கு விலகக்கூடும். மும்முனை வால்வு உள்ள துளை என்றால் ரோபோவை அனுப்பி, துளை மானியைக் கொஞ்ச நேரம் கடல் பக்கம் திருப்பிவையுங்கள். இரண்டு மானியும் ஒரே எண்ணைக் காட்ட வேண்டும். காட்டாத அளவுதான் விலகல். அடுத்த முறை போகும்போதும் இதையே செய்தால் இரண்டு புள்ளி கிடைக்கும், நடுவில் கோடு போடலாம். திரும்ப வால்வைப் பழைய நிலைக்கு வைத்ததைப் படம் எடுத்துக்கொண்டு வாருங்கள்.

கடிகார விலகலும் இந்தக் குடும்பம்தான். கேபிளில் இல்லாத கருவியின் கடிகாரம் ஆண்டுக்குப் பல நொடி விலகும். தூரத்துப் பெரிய நடுக்கம் ஒன்றின் அலை வந்த நேரத்தைப் பக்கத்து நிலையத்தோடு ஒப்பிட்டால் எத்தனை நொடி என்று தெரிந்துவிடும்.

அறிகுறி: வரி அப்படியே தட்டையாகிவிட்டது

கடைசி எண்ணைக் கடைசி இலக்கம் வரை பாருங்கள். இலக்கம் கொஞ்சமும் அசையாமல் ஒரே எண் திரும்பத் திரும்ப வந்தால் பதிவுப் பெட்டி உறைந்திருக்கிறது, மானிக்கு ஒன்றும் ஆகியிருக்காது. கடைசி இலக்கம் அசைகிறது, ஓதம் மட்டும் இல்லை என்றால் குழாய் அடைத்திருக்கிறது. மீத்தேனும் குளிரும் அழுத்தமும் சேர்ந்த இடத்தில் குழாய்க்குள் பனி மாதிரி ஹைட்ரேட் படிந்துவிட வாய்ப்பு உண்டு. இரண்டிலும் கடல்தரை மானி ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்தால் பதிவை நிறுத்தவே வேண்டாம். கோப்பின் முதல் வரியில் எந்த நாளிலிருந்து துளை மானியை நம்பக் கூடாது என்று எழுதிவிட்டு, மூலப் பதிவைத் திருத்தாமல் அப்படியே தனியாக வையுங்கள். யாரிடமாவது உதவி கேட்டு அனுப்பும்போதும் வடிகட்டிய படத்தை அனுப்பாமல், இரண்டு மானியின் மூலக் கோப்பையும் குறிப்பேட்டின் அந்த மாதப் பக்கத்தையும் சேர்த்தே அனுப்புங்கள்.